இலைக்கு வந்த பறவை

ஜப்பான்காரன் காலம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், நம் வயதுக்காரர்கள் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கில் போய்த்தான் நிற்போம். கிழங்கு அவியல், கிழங்குக் கஞ்சி, கிழங்கு மாவில் ரொட்டி. கோயில் மண்டபத்தில் கூடும்போதெல்லாம் இதே கச்சேரிதான். போன வாரம்கூட ஒருவர், தான் தின்ற கிழங்கை அடுக்கி வைத்தால் ஜொகூர் பாருவிலிருந்து கெலாங் பாத்தா வரைக்கும் வரும் என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் என் மனதில் அந்தக் காலம் கிழங்காக இல்லை. ஒரு பறவையாக இருக்கிறது. மைனாவைவிடச் சின்னது. ஒரு குருவிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கமாட்டீர்கள் என்றால் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா ஜொகூர் பாருவில் ஓர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தார். ஜப்பான் சண்டைக்கு முன் அந்த ஆபீசின் வெள்ளைக்காரத் துரைக்கு மேட்டில் ஒரு பெரிய பங்களா கொடுத்திருந்தார்கள். பங்களாத் தோட்டத்தின் பின்கோடியில் எங்கள் வீடு, இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். துரை கப்பலேறித் தப்பிப் போய்விட்டார். அவர் ஊட்டி வளர்த்த ரோஜாச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாங்கள் மரவள்ளி நட்டோம். பாருங்கள், நானும் கிழங்குக்கே வந்துவிட்டேன். பிடுங்காமல் விட்டது ஒரு சீக்கு மரம் (சப்போட்டாவை இங்கே அப்படித்தான் சொல்வோம்), இரண்டு ரம்புத்தான் மரம், வேலியோரச் செம்பருத்தி. தோட்டத்து மேட்டில் நின்றால் கீழே சிங்கப்பூருக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள நீரிணை தெரியும். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் சேற்று வாடையும் உப்பு வாடையும் வீட்டுக்குள் வரும்.

பங்களாவுக்கு ஒரு ஜப்பான்காரர் குடிவந்தார். பட்டாளத்து ஆள் இல்லை. பயிர், விதை இதையெல்லாம் மேற்பார்க்க வந்த அதிகாரி. அப்பா அவரிடம்தான் வேலை பார்த்தார். நாங்கள் அவரைத் துவான் என்போம். ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி. காலையில் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு, மரங்களை அண்ணாந்து பார்த்தபடி தோட்டத்தில் நிற்பார். வழியில் பார்த்தால் நான் குனிந்து வணங்கவேண்டும், அது அப்போதைய சட்டம். ஆனால் அவரும் எனக்குக் குனிவார். ஒரு சின்னப் பெண்ணுக்குக் குனிந்த ஜப்பான்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் தன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சுப் படுக்கையில் பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. கண் இருந்த இடத்தில் பஞ்சு எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றின் காலிலும் நூலால் கட்டிய சின்ன அட்டை. மூக்கைத் துளைக்கிற மருந்து நெடி. அவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவி அதன் பெயரை எனக்குச் சொன்னார். பெற்ற பிள்ளைகளை அறிமுகப்படுத்துகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். நான் ஓடிவந்து அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன். "அதுங்க பொம்மைடி, பயப்படாதே" என்றாள் அம்மா. அம்மாவுக்கு அது பொம்மை இல்லை என்று தெரியும்.

இனி சித்தப்பா கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அந்த இருவரும் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில், ஒரே லயத்து வீட்டில் இருந்தார்கள். பெரியப்பா மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது. தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. அப்போது ஒரு நாள், எஸ்டேட் ஆபீசில் அரிசி அளக்கிறார்கள், ஆம்பளைகள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. "ரெண்டு பேரு பங்கையும் நீயே வாங்கிட்டு வந்துரு" என்று சாக்கைக் கொடுத்துத் தம்பியை அனுப்பினார். அரிசிக்குப் போய் நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றி, ரயில் ரோடு போட சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆபீஸ் வாசலில் வெறும் சாக்குகள் கிடந்தனவாம்.

அதற்குப் பிறகுதான் பெரியப்பாவும் சித்தியும் எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார்கள். சித்திக்கு இருபது வயது தாண்டியிருக்காது. பெரிய வாயாடி. மண்வெட்டி பிடித்து மரவள்ளிக் கொல்லையைக் கொத்திக்கொண்டே அக்கம்பக்கத்தவர் எல்லாரையும் போல நடித்துக் காட்டுவாள், துவான் அண்ணாந்து பார்ப்பது உட்பட. குங்குமம் கடையில் கிடைக்காத காலம். கொல்லை மஞ்சளை இடித்து, சுண்ணாம்பு சேர்த்து, சிவக்கச் சிவக்கத் தானே செய்துகொள்வாள். தாலிச் சரடு நைந்துபோனபோது நூலும் கிடைக்கவில்லை. அப்பா யார் மூலமாகவோ பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி நார் வாங்கிவந்தார். சித்தி அதைத் தொடையில் வைத்துத் திரித்து, மஞ்சள் தேய்த்து, தாலியைக் கோத்துக்கொண்டாள். அன்னாசி நாரை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அறவே அறாது. கை அறுந்துபோகும்.

ஒரு வருடம் கழித்து, சயாமிலிருந்து தப்பிவந்த ஓர் ஆள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். காலெல்லாம் புண், வாழை இலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். அம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்து முடிக்கும் வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"உங்க தம்பி வாந்திபேதிக் கொட்டாயில படுத்திருந்தாருங்க" என்றார் பெரியப்பாவிடம். "அந்தக் கொட்டாய்க்குள்ள போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாக்கலைங்க."

"செத்துப் போனத நீங்க கண்ணால பாத்தீங்களா?" சித்தி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"இல்லம்மா. பாக்கல."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு சித்தி கொல்லைக்குப் போய்விட்டாள். மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெரியப்பாவால் அப்படி இருக்க முடியவில்லை. சோற்றைத் தொடமாட்டார். கேட்டால், "கனவுல வந்து தட்ட நீட்டுறான்டா. பசியோட போயிட்டான். அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்காம நான் எப்படித் திங்கிறது?" என்று அப்பாவிடம் அழுவார். கருமாதி செய்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கருமாதி என்றால் சித்தி தாலியைக் கழற்ற வேண்டும். உயிரோடு இருக்கிறவருக்கு யாராவது கருமாதி செய்வார்களா என்பது சித்தியின் கட்சி. வீடே இரண்டாகி நின்றது. அன்றைக்கு எனக்குப் பெரியப்பா அரக்கனாகத் தெரிந்தார். அரிசி வாங்கத் தம்பியை அனுப்பியது தன் வாய்தான் என்பது அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது. செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் இருப்பதைவிட, செத்தான் என்று முடிவாகி அவனுக்குச் சோறு வைப்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் பெரியப்பா ஒரு வழி சொன்னார். ஆனி அமாவாசையன்று சித்தப்பா பெயரைச் சொல்லி இலையில் சோறு வைப்பது. காக்கை வந்து எடுத்தால் அவர் பித்ருக்களோடு சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம், கருமாதி செய்யவேண்டும். எடுக்காவிட்டால் காத்திருக்கலாம். இதற்கெல்லாம் சாஸ்திரத்தில் இடம் உண்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சித்தி யோசித்துப் பார்த்து, "சரி மாமா, காக்கா எடுத்தா நான் ஒத்துக்கிறேன்" என்றாள்.

அவள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இப்போதுதான் ஜொகூர் பாருவில் எங்கே பார்த்தாலும் காக்கை. சாப்பாட்டுக் கடை மேசையில் வந்து உட்காருகிறது. அப்போது அப்படி இல்லை. கடலோரம் எப்போதாவது பெரிய காக்கை ஒன்றிரண்டு பறக்கும், மேட்டுக்கு வராது. சித்தி அதைக் கவனித்து வைத்திருந்தாள். ஆள் கெட்டிக்காரி.

அமாவாசை வந்தது. அம்மா ஒளித்து வைத்திருந்த கைப்பிடி அரிசியைக் கிழங்கோடு சேர்த்து வேகவைத்து, வாழையிலையில் உருண்டையாக வைத்தாள். தோட்டத்தில் வெட்டிப்போட்ட ஒரு மரத்தின் அடிக்கட்டை மேல் இலையை வைத்துவிட்டு, பெரியப்பா நீரிணைப் பக்கம் பார்த்து "கா... கா..." என்று கூப்பிட்டார். தம்பியின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். தொண்டை கட்டிப்போகும் வரை கூப்பிட்டார். ஒரு காக்கையும் வரவில்லை. வெயில் ஏறியது. நாங்கள் பசியோடு நின்றோம், இலையில் வைத்ததைக் காக்கை எடுத்தபின்தானே மற்றவர்கள் சாப்பிட முடியும். சித்தி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அப்போதுதான் சீக்கு மரத்திலிருந்து அது இறங்கியது. முதலில் பார்த்தது நான்தான். பறந்து வரவில்லை, கிளைக்குக் கிளை தாவி, கடைசியில் ஒரு குதி குதித்து இலையோரம் நின்றது. மைனா என்றுதான் நினைத்தேன். ஆனால் தலை பாலில் முக்கியெடுத்தது போல் வெளுத்திருந்தது. கன்னத்தில் காவிச் சிவப்பாக ஒரு திட்டு. முதுகு கறுப்பில் ஊதா மின்னியது. அப்படியொரு பறவையை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உருண்டையைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது.

"அலமாக்!" என்றாள் அம்மா. "கன்னத்தப் பாருங்க. கொழுந்தனாருக்கும் அந்த எடத்துலதான மச்சம் இருக்கு."

அம்மா வாயை அன்று தைத்து வைத்திருக்க வேண்டும். பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டியாடா, தம்பி" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"மாமா, காக்கான்னு சொன்னீங்க. இது காக்கா இல்ல" என்றாள் சித்தி.

"காக்கா இல்லாத ஊருல எது வந்து எடுக்குதோ அதுதான்மா காக்கா."

"அப்ப கோழி வந்து கொத்தியிருந்தாலும் என்னைத் தாலி அறுக்கச் சொல்லுவீங்களா?"

இப்படித் தொடங்கிய சண்டை மூன்று வேளையும் நடந்தது. சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஒரு பெண் சுமங்கலியா விதவையா என்பது, ஒரு பறவை என்ன பறவை என்பதில் போய் நின்றது. எங்கள் யாருக்கும் அப்போது அது சிரிப்பாக இல்லை. மைனா சாதி என்றால் காக்கையோடு சேர்த்தியா இல்லையா? இந்த ஊர்ப் பறவைதானா, இல்லை எங்கிருந்தாவது வந்ததா? கடைசியில் அப்பா, "துவானைக் கேட்டுருவோம். அவருக்குத் தெரியாத பறவையா?" என்றார். இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டது. பறவையைப் பற்றி மட்டும் கேட்பது, நம் வீட்டு விஷயம் அவருக்கு எதற்கு, கேட்டால் சிரிப்பார் என்றும் அப்பா முடிவு செய்தார். எங்களைக் கவிழ்த்தது அந்த முடிவுதான்.

மறுநாள் காலை துவான் வந்து மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே நின்றார். பறவை சீக்கு மரத்தில் உட்கார்ந்து கீச்சும் விசிலுமாகப் பாடிக்கொண்டிருந்தது. பைனாகுலரைத் தூக்கியவர் வெகுநேரம் இறக்கவேயில்லை. இறக்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"கோமுகுதோரி" என்றார். ஜப்பான் பாஷையில் அதன் பெயர். பிறகு தனக்குத் தெரிந்த மலாயில் அப்பாவிடம் படபடவென்று பேசினார். அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அது துவானின் ஊர்ப் பறவையாம். அங்கே குளிர் தொடங்கினால் தெற்கே பறந்துவிடும், அதுவும் இந்தப் பக்கம் வருவது அபூர்வம். சித்திரை பிறக்கும் முன் எல்லாம் திரும்பிவிடும். இந்த மாதத்தில் அவர் அம்மா வீட்டுச் செர்ரி மரப் பொந்தில் அது குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கவேண்டும். இத்தனை தாமதமாக இங்கே ஒன்று நிற்பது நம்பவே முடியாத விஷயம். சொல்லும்போது துவானுக்குக் கண் கலங்கியது. மரத்தைக் காட்டி, "பெலும் புலாங்" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இன்னும் வீடு திரும்பவில்லை.

சித்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். துவான் போனதும் அடுப்படிக்குள் போய் ஒரு ஆட்டம் ஆடினாள் பாருங்கள்! என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள். "கேட்டியாடி? வரவேண்டியது வரல, தாமசம் ஆயிடுச்சு, ஆனா உசுரோட இருக்கு! தின்னுது, பாடுது! உன் சித்தப்பாவும் அப்படித்தான்."

வெளியே பெரியப்பா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வடக்கேருந்து வந்ததுன்னு துவானே சொல்லிட்டாரு. சயாம் எங்க இருக்கு? வடக்கதான? பருவம் தப்பி, வழி தப்பி, சோத்துக்கு நம்ம வீட்டத் தேடி வந்திருக்கு. வேற யாரா இருக்க முடியும்?"

ஒரே பதிலை வைத்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஜெயித்துவிட்டார்கள். கருமாதிக்கு நாள் பார்க்க வேண்டும் என்று பெரியப்பா சொல்ல, சித்தி முடியவே முடியாது என்று நிற்க, அப்பா நடுவில் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று தள்ளிப்போட்டார். அந்தக் கொஞ்ச நாள்தான் அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள்.

காலையில் பெரியப்பா தன் பங்குக் கஞ்சியிலிருந்து நாலு பருக்கையை எடுத்துப்போய்க் கட்டை மேல் வைப்பார். "தின்னுடா" என்பார். அவர் உள்ளே வந்ததும் சித்தி போவாள். பழுத்த சீக்குப் பழத்தைப் பிய்த்து வைத்து, "சீக்கிரம் கெளம்புற வழியப் பாருங்க, ஊருல தேடுவாங்க" என்று மெல்லிய குரலில் பேசுவாள். ஒருவருக்கு அது செத்த தம்பி. இன்னொருத்திக்கு உயிரோடிருக்கிற புருஷன். பறவைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. பெரியப்பா பல நாளுக்குப் பிறகு தானும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு நாள் மழையில் பறவை வரத் தாமதமானபோது இருவரும் ஒன்றாக வாசலில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வந்துரும் மாமா" என்று சித்தி அவருக்குத் தைரியம் சொன்னாள். இப்படியே விட்டிருந்தால் போதும். இப்படியே இருந்திருக்கலாம்.

துவானும் தினமும் வந்தார். நாங்கள் சோறு வைப்பதைப் பார்த்தார். தன் ஊர்ப் பறவையை இந்தத் தமிழ்க் குடும்பம் இவ்வளவு பிரியமாகப் பார்க்கிறதே என்று அவருக்கு மகிழ்ச்சி. அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று காலை நான் குளிக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெடிச் சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி. ரம்புத்தான் மரத்துக் குருவிகளெல்லாம் எழுந்து பறந்தன. சீக்கு மரத்திலிருந்து ஒன்று மட்டும் விழுந்தது. நேராக விழவில்லை. இலையில் பட்டு, கிளையில் பட்டு விழுந்தது. எனக்குக் கையிலிருந்த வாளி எங்கே போனது என்று தெரியாது. இத்தனை வருடம் கழித்தும், வாசலில் எதுவாவது மரத்திலிருந்து விழுந்தால் எனக்கு உடம்பு விறைத்துக்கொள்கிறது. என் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்வார்கள்.

துவான் துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பறவையை எடுத்து இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்குக் காட்டத்தான் கொண்டுவந்தார், ஐயா. நாங்கள் ஆசைப்பட்டு வளர்த்ததை எங்களுக்கு முதலில் காட்டவேண்டும் என்று கொண்டுவந்தார். அது இந்த மாதத்தில் இங்கே இருந்தது என்றால் வெறும் வார்த்தையை யாரும் நம்பமாட்டார்களாம், உடல் வேண்டுமாம். அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை. பல நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

சித்தி ஈரக் கையோடு வந்து நின்றாள். பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். துவான் பறவையின் இறக்கையை விசிறி போல விரித்துக் காட்டினார். வலது இறக்கையின் நீளச் சிறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பாதி முறிந்திருந்தன. பலாப்பால். கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துப் பிள்ளைகள் குச்சியில் பலாப்பாலைத் தடவி வைத்துக் குருவி பிடிப்பார்கள், பசிக் காலத்தில் குழம்புக்கு ஆகும் என்று. அதிலிருந்து எப்படியோ பிய்த்துக்கொண்டு தப்பியிருக்கிறது. நீண்ட தூரம் பறக்க முடியாமல் நின்றுவிட்டது. இதோ காரணம் தெரிந்துவிட்டது என்று துவான் சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த சிறகு முளைத்திருந்தால் அடுத்த வருடம் போயிருக்கும் என்றும் சொன்னார்.

வடக்கும் இல்லை, சயாமும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. பலாப்பால்.

போகும்போது துவான் ஒரு டின் மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் குனிந்துவிட்டுப் போனார். எந்தப் பறவை என்று நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அவர் அதை அண்ணாந்து பார்த்திருப்பாரோ என்னவோ. நாங்கள் கேட்டோம். கேட்டு, மரத்தையும் காட்டினோம்.

பலாப்பாலைக் கண்ணால் பார்த்த பிறகாவது எல்லாம் தெளிந்திருக்க வேண்டுமே? அதுதான் இல்லை. பெரியப்பாவின் காதில் துவான் சொன்னது எதுவும் ஏறவில்லை. ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தார். "என் தம்பியக் கொன்னுட்டான். ரெண்டாந்தரம் கொன்னுட்டான்" என்று முற்றத்தில் புரண்டார். எழுந்தபோது வேறு ஆளாக இருந்தார். இன்றைக்கே எல்லாம் முடியவேண்டும், இனி ஒரு பொழுது தாங்காது என்றார். அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அப்பா அன்று குறுக்கே நிற்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது? சித்தி ஓடினாள். மரவள்ளிக் கொல்லைக்குள் ஓடினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "வேணாம், வேணாம், அவரு இருக்காரு, வேணாம்" என்று கத்தினாள். கையைப் பிடித்துக்கொண்டது என் அம்மா. சித்தி சிரித்தால் கூடச் சிரிக்கிற, அவளுக்குத் தலை வாரிவிடுகிற என் அம்மா, அவள் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதாளே ஒழிய விடவில்லை. அன்னாசி நார் கையால் இழுத்து அறவில்லை. கழுத்தில் கோடு விழுந்ததுதான் மிச்சம். பெரியப்பா எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பால் வெட்டும் கத்தியை ஒரு கிழவி எடுத்துவந்தாள். அதை வைத்து, மரப்பட்டையைச் சீவுவது போல அறுத்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். யாருக்கும் என்னை உள்ளே போகச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் அந்த டின் மீனைத் திறந்து குழம்பு வைத்தார்கள். எல்லாரும் சாப்பிட்டோம். பசி. சித்தியும் சாப்பிட்டாள். அப்பாவின் பழைய வேட்டியை உடுத்திக்கொண்டு, நெற்றியில் ஒன்றுமில்லாமல், ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் நடித்துக் காட்டவில்லை. பெரியப்பா மட்டும் இரவில் நன்றாகத் தூங்கினார்.

ஜப்பான் சண்டை முடிந்தது. துவானை மற்ற ஜப்பான்காரர்களோடு கொண்டுபோனார்கள். இழுப்பறைப் பறவைகள் என்ன ஆயின என்று தெரியாது. சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வருவதாகப் பேச்சு அடிபட்டது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்களுக்குத்தான் எல்லாம் முடிந்துவிட்டதே.

ஒரு மத்தியானம் நானும் சித்தியும் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். வேலிப் படலைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். எலும்பும் தோலும். தலைமயிர் கொட்டியிருந்தது. கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றியிருந்தார். பிச்சைக்காரர் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தார். அப்போதுதான் சித்தியின் வெள்ளை வேட்டி அவர் கண்ணில் பட்டது போலும். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பயந்துபோய், சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டார்.

"யாரும்மா செத்துப் போனது?"

சித்தி கையிலிருந்த கிழங்கைக் கீழே போட்டாள். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நீங்கதான்" என்றாள்.

அடுத்து என்ன நடந்தது என்று தொடர்ச்சியாக நினைவில்லை. அம்மா ஓடிவந்து சித்தப்பா காலடியில் விழுந்தாள். பெரியப்பா தம்பியின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கன்னத்து மச்சத்தைத் தொட்டதும் கையைச் சுட்டுக்கொண்டவர் போல எடுத்துக்கொண்டார். கருமாதி ஆனவன் திரும்பி வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதிதாகப் பெயர் வைத்து, அதே பெண்ணுக்கே மறுபடியும் தாலி கட்டவைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பெரியப்பா அழுதுகொண்டே உள்ளே ஓடி, தான் பத்திரப்படுத்தி வைத்திருந்த தாலியை எடுத்து, மஞ்சள் கயிற்றில் முடிந்து கொண்டுவந்தார். சித்தப்பாவிடம் நீட்டினார்.

"வேணாம் மாமா" என்றாள் சித்தி.

"என்னம்மா சொல்றே? இவன் உன் புருஷன்மா."

"தெரியும். அவரோடதான் இருக்கப் போறேன். கயிறு வேணாம்."

"ஊரு என்னம்மா சொல்லும்? கட்டிக்கம்மா. நான் செஞ்ச பாவத்துக்கு..."

சித்தி அவரைப் பேசவிடவில்லை. சத்தம் போடவும் இல்லை. கழுத்தில் கத்தி பட்ட இடம் அப்போதும் தழும்பாகத் தெரிந்தது.

"அன்னிக்கு நான் வேணாம், வேணாம்னு கத்துனேன். ஒருத்தரும் கேக்கல. இன்னிக்கும் வேணாம்னுதான் சொல்றேன். இன்னிக்காவது கேளுங்க."

பெரியப்பா கயிற்றைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். தம்பி குளிக்க வெந்நீர் வைக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். அந்த மனிதர் அடுப்படிக்குள் நுழைந்து நான் பார்த்தது அன்றுதான்.